முதலில் முழு ஸ்கேன், பிறகு 200 கேபி

தெற்கு அந்தமானின் பத்துபஸ்தி, காராச்சர்மா, டாலிகஞ்ச் பக்கம் ஜெராக்ஸ் கடையும் கணினி மையமும் நடத்தும் அன்புத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



தீவுவாசி அட்டை, லோக்கல் சர்டிபிகேட், கல்லூரிச் சேர்க்கை, முதியோர் உதவித்தொகை, நிலப் பெயர் மாற்றம் என்று எதற்கு விண்ணப்பம் போட்டாலும், நம் வட்டாரத்துக் குடும்பங்களின் காகிதங்கள் அதிகாரியின் மேசைக்குப் போவதற்கு முன் உங்கள் ஸ்கேனர் கண்ணாடிக்குத்தான் வருகின்றன. நீங்கள் எடுக்கும் படத்தைத்தான் அதிகாரி பார்க்கிறார். பல வீடுகளில் மூலக் காகிதம் கெட்டுப்போன பிறகு மிஞ்சப்போவதும் அந்தப் படம்தான். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இணையதளம் 200 கேபி கேட்கிறது என்பதற்காக எடுக்கும்போதே சின்னதாக, மங்கலாக எடுக்காதீர்கள். முதலில் காகிதத்தை முழுத் தரத்தில் ஒரு முறை எடுத்து வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். பிறகு அதே படத்திலிருந்து 200 கேபிக்கு ஒரு பிரதி செய்து விண்ணப்பத்தில் ஏற்றுங்கள். இப்படி எடுப்பதற்குத் தடையாக இருக்கும் கோளாறுகளையும், அவற்றைச் சரிசெய்யும் வழிகளையும் கீழே சொல்கிறேன்.

நம் வீட்டுப் பெட்டிகளில் இருப்பது எப்படிப்பட்ட காகிதம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து லட்சக்கணக்கான தமிழர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டியின் பழைய கடவுச்சீட்டு இன்றும் ஓர் ஆதாரம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறியபோது கச்சாலிலும் கார் நிக்கோபாரிலும் வீட்டோடு காகிதமும் போயிற்று. இங்கே தெற்கு அந்தமானில் நிலம் சுமார் ஒரு மீட்டர் அமிழ்ந்து, சிப்பிகாட் வயல்களுக்குள் கடல்நீர் புகுந்தது. அன்று தப்பிய காகிதங்களைத்தான் மக்கள் மடித்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி உங்களிடம் கொண்டுவருகிறார்கள்.

சுனாமி ஒரு நாளில் செய்ததை ஈரக்காற்று மெதுவாக, ஆண்டு முழுக்கச் செய்கிறது. நம் தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல் இரு மடங்கு. காகிதம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இழுத்தால் உப்பும், ஓரம் சுருளும், தாளோடு தாள் ஒட்டும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றுவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். உங்கள் கடையில் ஸ்கேனர் செய்யும் தொல்லைகளில் பலவற்றுக்கு இதுவே வேர். மெஷின் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி சர்வீஸுக்கு ஆள் தேடும் முன், கோளாறு எங்கே இருக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு இரண்டு சோதனை போதும். ஆல்-இன்-ஒன் இயந்திரமாக இருந்தால், கணினியைத் தொடாமல் அதே தாளை இயந்திரத்திலேயே ஒரு ஜெராக்ஸ் எடுங்கள். ஜெராக்ஸிலும் அதே குறை தெரிந்தால் கோளாறு கண்ணாடியிலோ உள்ளே இருக்கும் பாகத்திலோ இருக்கிறது. ஜெராக்ஸ் சுத்தமாக வந்து, கணினித் திரையில் மட்டும் குறை இருந்தால் அமைப்பிலோ டிரைவரிலோ தேட வேண்டும். அடுத்து, தாளை மேலே ஃபீடரில் போட்டு ஒரு முறை, மூடியைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்து ஒரு முறை எடுங்கள். ஃபீடரில் மட்டும் குறை வந்தால் பெரிய கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை.

அடிக்கடி வரும் புகாரை எடுத்துக்கொள்வோம். பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக ஒரு கோடு. ஃபீடரில் தாள் நகர்கிறது, பார்க்கும் சென்சார் ஓரிடத்தில் நிற்கிறது. அந்த இடத்தில் பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரல் அகலத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டை இருக்கும். அதில் ஒரு துளி ஒயிட்னரோ கோந்தோ ஒட்டியிருந்தால் போதும், தாள் முழுவதும் அதைக் கடந்துபோவதால் புள்ளி கோடாகிவிடுகிறது. பக்கத்தின் ஓரத்திலிருந்து கோடு எத்தனை சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று அளந்து, பட்டையில் அதே தூரத்தில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தால் தடவினால் தட்டுப்படும். பஞ்சு உதிராத துணியைக் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடையுங்கள். கண்ணாடி மேல் நேராக எதையும் தெளிக்கக் கூடாது. விளிம்பு வழியாக ஈரம் உள்ளே இறங்கினால் அதை எடுக்க இயந்திரத்தையே பிரிக்க வேண்டிவரும்.

அடுத்த தொல்லை, இரண்டு மூன்று தாள் சேர்ந்து உள்ளே போவது. மழைக்காலத்தில் இது கூடும். தாள் கட்டை விசிறியைப்போல் விரித்து, ஓரத்தைத் தட்டிச் சமன்செய்து, கொஞ்சமாகப் போடுங்கள். அப்படியும் வழுக்கினால் ரப்பர் ரோலரில் காகிதத் தூசி படிந்திருக்கிறது. நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ரோலரைச் சுற்றிச் சுற்றித் துடைத்து, காய்ந்த பிறகு ஓட்டுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பழைய காகிதம், கிழிசல் ஒட்டிய காகிதம், பூச்சி அரித்த காகிதம், மடிப்பில் இற்றுப்போன காகிதம் எதையும் ஃபீடரில் போடாதீர்கள். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. ஒரு கடவுச்சீட்டின் பக்கமோ ஒரு பழைய பட்டாவோ ரோலரில் சிக்கிக் கிழிந்தால் அதை யாராலும் திருப்பித் தர முடியாது. ஸ்டேப்பிளர் பின்னைக் கழற்றாமல் எதையும் கண்ணாடி மேல் வைக்காதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் அது ஒவ்வொரு படத்திலும் வரும்.

எழுத்து ஓரிடத்தில் தெளிவாகவும் மடிப்புக்கு அருகில் மங்கலாகவும் வந்தால், காகிதம் கண்ணாடியைத் தொடவில்லை என்று பொருள். இன்று கடைகளில் இருக்கும் மெலிந்த ஸ்கேனர்களில் பெரும்பாலானவை சிஐஎஸ் வகை. அவற்றின் பார்வை ஆழம் மிகக் குறைவு. தாள் சில மில்லிமீட்டர் தூக்கினாலே மங்கிவிடும். கொஞ்சம் தடித்த, பழைய சிசிடி வகை இயந்திரங்கள் அந்த இடைவெளியைத் தாங்கும். அப்படி ஒன்று கடை மூலையில் கிடந்தால் விற்றுவிடாதீர்கள்; ரேஷன் புத்தகம், பாஸ்புக், கடவுச்சீட்டு எடுக்க அதுதான் நல்லது. சிஐஎஸ் மட்டும் இருந்தால் மடிப்பை நீவி, மூடி மேல் கனமான புத்தகம் ஒன்றை வைத்து எடுங்கள். தாளைக் கண்ணாடியின் விளிம்போடு ஒட்டி வைத்தால் ஓரத்தில் சில மில்லிமீட்டர் பதிவாகாமல் போகும். ஒரு விரற்கடை உள்ளே தள்ளி வையுங்கள். ஓரத்தில் இருக்கும் பதிவு எண் தப்பும்.

மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரிகிறதா? தாளின் முதுகில் ஒரு கறுப்பு அட்டையை வைத்து எடுங்கள். மூடியின் வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளிதான் பின்பக்க எழுத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கறுப்பு அட்டை அதை விழுங்கிவிடும். வெள்ளைத் தாளின் ஓரத்தைத் தானாக வெட்டும் வசதி தடுமாறும்போதும் இதே அட்டை கைகொடுக்கும். ஓர் அட்டைக்கு ஆகும் செலவு உங்களுக்கே தெரியும்.

லேமினேஷன் போட்ட சான்றிதழ்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் மழைக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் போர்த்துகிறார்கள். சில வருடத்தில் அது நெளிகிறது, உள்ளே சிக்கிய ஈரம் மஞ்சள் கறையாகப் பூக்கிறது. நெளிந்த லேமினேஷனை மொபைலில் படமெடுத்தால் விளக்கின் ஒளி முத்திரை மேலேயே விழும். கண்ணாடி ஸ்கேனரில் அழுத்தி எடுத்தால் பளபளப்பு குறையும். ஒரு வாக்கில் பளபளத்தால் தாளைத் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்து எடுத்து, கணினியில் நிமிர்த்துங்கள். மூலச் சான்றிதழுக்கு லேமினேஷன் போடச் சொல்லி யாராவது வந்தால், முதலில் ஸ்கேன் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஜெராக்ஸுக்கு லேமினேஷன் போடலாமே என்று சொல்லிப் பாருங்கள். வெப்பத்தில் அச்சாகும் ஏடிஎம் சீட்டு, கடை ரசீது போன்றவற்றுக்கு லேமினேஷன் போடவே கூடாது. சூட்டில் முழுத் தாளும் கறுத்துவிடும். அவை தாமாகவே வெளுப்பவை, அதனால் கொண்டுவந்த அன்றே எடுத்துவிட வேண்டும்.

இனி கணினிப் பக்கம். "ஸ்கேனர் கிடைக்கவில்லை" என்று வந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள். உப்புக்காற்றில் யூஎஸ்பி முனையின் உலோகம் மங்கித் தொடர்பு விட்டுவிட்டு வரும். இரண்டு முறை கழற்றி மாட்டுங்கள். பல முனைகள் கொண்ட ஹப்பை விட்டுக் கணினியின் துளையிலேயே நேராகச் செருகுங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு இந்தத் தொல்லை வந்தால் ஸ்கேனரை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால், வேறொரு நிரல் ஸ்கேனரைப் பிடித்துவைத்திருக்கலாம், எல்லாவற்றையும் மூடுங்கள். அதன்பின் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து "விண்டோஸ் இமேஜ் அக்விசிஷன்" என்பதை நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். டிரைவரை அழித்துப் புதிதாக நிறுவுவது இதற்கெல்லாம் பிறகுதான்.

பெரிய இயந்திரத்திலிருந்து நெட்வொர்க் வழியாகக் கணினி ஃபோல்டருக்கு அனுப்பும் கடைகளில் வேறொரு தொல்லை உண்டு. நேற்றுவரை போன படம், கணினியை மாற்றியதும் போக மறுக்கிறது. பாஸ்வேர்டு மாறியிருக்கிறதா, கணினியின் ஐபி எண் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் காரணம் பெரும்பாலும் எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறை. 2017 மே மாதம் வானாகிரை வைரஸ் இந்த முறையின் ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவியது. அதே ஆண்டின் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இது இயல்பாக நிறுவப்படுவதில்லை. பழைய இயந்திரத்துக்கு அதைத் தவிர வேறு தெரியாது. சிலர் அந்த முறையைத் திரும்பத் திறந்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். ஊரார் ஆதார் எண்கள் கிடக்கும் கணினியில் அப்படிச் செய்யாதீர்கள். இயந்திரத்தின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பாருங்கள். முடியாவிட்டால் பென்டிரைவில் ஸ்கேன் எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது மடலின் மையத்துக்கு வருகிறேன்: தரமும் அளவும். ஏ4 தாளை 300 டிபிஐயில் எடுத்தால் 2,480க்கு 3,508 புள்ளிகள் கொண்ட படம் வரும். வண்ணத்தில், சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 26 எம்பி. 600 டிபிஐ என்றால் அதற்கு நான்கு மடங்கு. சாதாரண அச்சுக்கும் கையெழுத்துக்கும் 300 போதும். பொடி எழுத்து, மங்கிய முத்திரை, சின்னப் புகைப்படம் இருந்தால் 600 வையுங்கள். கறுப்பு-வெள்ளை என்ற அமைப்பைத் தொடாதீர்கள். அதில் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஆகியே தீர வேண்டும் என்பதால், வெளிறிய நீல முத்திரையும் பென்சில் குறிப்பும் வெள்ளையோடு கலந்து காணாமல் போய்விடும். மொபைல் செயலிகளில் "டாகுமென்ட்" வடிகட்டி செய்வதும் இதையே. படம் பளிச்சென்று தெரியும், அதிகாரி தேடும் முத்திரை இருக்காது. "வெற்றுப் பக்கத்தை நீக்கு" என்ற வசதியையும் அணைத்துவையுங்கள். பின்பக்கத்தில் ஒரு வரி மட்டும் இருக்கும் தாளை அது வெற்றுத் தாள் என்று எண்ணித் தள்ளிவிடக்கூடும்.

முழுத் தரப் படம் கையில் வந்த பிறகு 200 கேபிக்குச் சுருக்குவது எளிது. தேவையற்ற ஓரத்தை வெட்டுங்கள், 150 டிபிஐக்கு இறக்குங்கள், ஜேபெக் தரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒவ்வொரு முறையும் எண்களைப் படித்துப் பாருங்கள். பெரிய படத்திலிருந்து சிறியதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். மங்கலான சின்னப் படத்திலிருந்து தெளிவான பெரிய படத்தை எந்த மென்பொருளாலும் உண்மையாக மீட்க முடியாது. அது ஊகித்து நிரப்பும், அவ்வளவே.

சுருக்கம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2013 ஜூலையில் ஜெர்மனியின் கணினி அறிஞர் டேவிட் கிரீசல் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரம் ஒன்றில் ஸ்கேன் செய்தபோது நேர்ந்ததைக் கவனித்தார். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேன் செய்த படத்தில் மூன்றும் 14.13. எழுத்து மங்கவில்லை, சிதையவில்லை. தெளிவாக, தவறாக அச்சாகியிருந்தது. ஜேபிக்2 என்ற சுருக்கமுறை ஒரே மாதிரி தெரியும் சிறு துண்டுகளை ஒன்றாகக் கருதி, ஒரு துண்டையே எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டது. அவருடைய சோதனைகளில் 6 என்ற எண் 8 ஆகவும் மாறியது. அவர் ஆகஸ்டில் அதை வெளியிட்ட பிறகு நிறுவனம் திருத்த மென்பொருளை வெளியிட்டது.

ஒரு சர்வே எண்ணிலோ பிறந்த ஆண்டிலோ வங்கிக் கணக்கிலோ ஓர் இலக்கம் இப்படி மாறினால், இங்கே ஒரு குடும்பம் எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டியிருக்கும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆகவே பிடிஎஃப் அமைப்பில் "மிகச் சிறிய கோப்பு", "அதிகச் சுருக்கம்" என்று இருப்பதைத் தேர்வு செய்யாதீர்கள். எடுத்து முடித்ததும் படத்தை நூறு சதவீத அளவில் விரித்து, மூலத்தைப் பக்கத்தில் வைத்து எண்களையும் பெயரையும் முத்திரையையும் வாடிக்கையாளரோடு சேர்ந்து படியுங்கள். கேட்டு வந்தவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

முழுப் படத்தை எப்படிக் கொடுப்பது? வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். டாகுமென்ட் என்று தேர்ந்து அனுப்புங்கள். மின்னஞ்சலுக்கோ பென்டிரைவுக்கோ மாற்றிக் கொடுங்கள். கோப்பின் பெயரில் ஆளின் பெயர், ஆவணம், ஆண்டு மூன்றும் இருக்கட்டும். "ஸ்கேன் 0047" என்ற பெயரை வைத்துக்கொண்டு வீட்டில் யாரும் எதையும் தேட முடியாது. ஒரு பிரதி இந்தத் தீவுக்கு வெளியேயும் இருப்பது நல்லது. செயற்கைக்கோளை மட்டும் நம்பியிருந்த காலத்தில் பெரிய கோப்பு ஏற்றுவது பெரும்பாடு. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 முதல் இயங்கத் தொடங்கிய பிறகு அந்தக் காரணம் பெரும்பாலும் போய்விட்டது. டிஜிலாக்கரில் ஏற்றிவைக்கக் கற்றுக்கொடுங்கள். அதோடு ஓர் எச்சரிக்கையும் சொல்லுங்கள்: துறையே டிஜிலாக்கர் வழியாக வழங்கும் ஆவணம் மூலத்துக்கு நிகர், நாமே ஸ்கேன் செய்து ஏற்றியது அப்படியல்ல. மூலக் காகிதத்தை யாரும் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

கொடுத்து முடித்ததும் உங்கள் கணினியிலிருந்து அழித்துவிடுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் யார் யாருடைய ஆதாரோ கிடக்கும் கடையில் வந்து நிற்பவருக்கு நம்பிக்கை வராது. ஊர் உங்களிடம் கொடுக்கும் காகிதம் அந்த நேரத்துக்கு மட்டும் உங்களுடையது.

இதெல்லாம் நேரம் பிடிக்கும் வேலை என்று நீங்கள் சொல்வது நியாயம். கடைசித் தேதி நாளில் வரிசை வாசல்வரை நிற்கும்போது ஒவ்வொரு தாளுக்கும் இவ்வளவு பார்க்க முடியாதுதான். அதற்குத் தனிக் கட்டணம் வையுங்கள். "முழு ஸ்கேன், பென்டிரைவில்" என்று பலகையில் விலையோடு எழுதுங்கள். அவசர வேலையை முடித்துக்கொண்டு, வீட்டுப் பெட்டியில் இருக்கும் மற்ற காகிதங்களோடு கூட்டமில்லாத நாளில் வரச் சொல்லுங்கள். விளக்கிச் சொன்னால் நம் மக்கள் மறுக்க மாட்டார்கள். தொலைந்த காகிதத்துக்கு அலைவது என்னவென்று இந்தத் தீவில் எல்லோருக்கும் தெரியும்.

1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்நூலகம், கிடைத்த நூலையும் இதழையும் தேடித் தேடி ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. அங்கே தன்னார்வலர்கள் கைகளில் இருப்பதும் உங்கள் மேசையில் இருப்பது போன்ற ஸ்கேனர்தான். எரிந்த பிறகு அவர்கள் தொடங்கினார்கள். நம் காகிதங்களில் பல இன்னும் கையில் இருக்கின்றன.

ஆகையால் இந்த வாரமே மூன்று காரியம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடியையும் அந்தச் சின்னப் பட்டையையும் ரோலரையும் துடையுங்கள். இயல்பு அமைப்பை 300 டிபிஐ வண்ணத்துக்கு மாற்றி, அதிகச் சுருக்கத்தை அணையுங்கள். ஒரு கறுப்பு அட்டை வாங்கி மேசையில் வையுங்கள். மே மாதம் மழை இறங்குவதற்குள், உங்கள் கடைக்கு வரும் ஒவ்வொரு பெரியவரிடமும் வீட்டில் இருக்கும் பழைய காகிதங்களை எடுத்துவரச் சொல்லுங்கள்.

உங்கள் உழைப்பின் மேல் மதிப்போடும் நம்பிக்கையோடும்,

பத்துபஸ்திவாசி ஒருவர்